குடல் நோய் இருப்பவர்கள் எடைக்குறைப்பு ஒப்பரேஷனுக்கு முன்பணம் கட்டுமுன் இதை வாசியுங்கள்

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கம் இருப்பவர்களுக்காகத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன். எடை குறைக்கும் ஒப்பரேஷனுக்கு ஆள் சேர்க்கிறவர்கள் இப்போது நம்முடைய டவுன்களுக்கும் வந்துவிட்டார்கள். உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ நீண்டநாள் குடல் நோய் இருந்தால், கிளினிக் கொப்பியைத் திறந்துகூடப் பார்க்காதவரிடம் ஒரு சதமும் கட்டாதீர்கள். நான் கட்டியது இரண்டு லட்சம். இடத்தின் பெயரை இங்கே போடவில்லை; முறைப்பாடு நடந்துகொண்டிருக்கிறது.

நான் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்கிறேன். எனக்கு இருப்பது குரோன்ஸ் நோய், அதாவது குடலில் விட்டுவிட்டுக் கிளம்பும் நீண்டகால அழற்சி. சிறுகுடலின் கடைசிப் பகுதியில். கண்டியில் கொலனோஸ்கோபி (கமெராக் குழாயை விட்டுக் குடலைப் பார்ப்பது) செய்து, சதைத்துண்டு எடுத்துச் சோதித்த பிறகுதான் நோய்க்குப் பெயர் கிடைத்தது. அதுவரை சூடு என்றார்கள், வாய்வு என்றார்கள், கண்ணூறு என்றார்கள். கொய்யாக் கொழுந்தும் மாதுளை ஓடும் அவித்துக் குடிக்காத நாளில்லை. இடையில் ஒரு டொக்டர் ஐ.பி.எஸ். (புண்ணோ அழற்சியோ இல்லாமலே குடல் தொல்லை கொடுப்பது) என்று சொல்லி அனுப்பிவிட்டார். இரவில் தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும் வயிற்றுப்போக்கு, இரத்தம், விட்டுவிட்டு வரும் காய்ச்சல் இதெல்லாம் ஐ.பி.எஸ்.ஸில் வருவதில்லை. இவற்றில் ஒன்று இருந்தாலும் விடாமல் சோதனை கேளுங்கள். மலத்தில் கல்ப்ரொடெக்டின் என்ற புரதத்தின் அளவு பார்க்கும் சோதனை ஒன்று இருக்கிறது. குடலில் அழற்சி இருக்கிறதா என்பதற்கு அது நல்ல துப்பு தரும்.

இந்த நோயோடு வாழ்வது எப்படி என்று இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு முன்னமே தாய்மார் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுவார்கள். கைக்குழந்தையை மடியில் வைத்திருக்கும்போது வயிறு பிசையத் தொடங்கினால் ஆயாவைக் கூப்பிட்டுக் குழந்தையைக் கையில் திணித்துவிட்டு ஓட வேண்டும். மழைக்காலத்தில் லயத்துக் கக்கூசுக்குக் குடை பிடித்துக்கொண்டு ஓடுவது தனிக் கதை. கண்டி கிளினிக்குக்குப் பஸ்ஸில் போகும் நாளில் முதல்நாள் இரவிலிருந்தே சாப்பாடு கிடையாது. கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று எங்கெங்கே இறங்கலாம், எந்தக் கடைக்காரர் முகம் சுளிக்காமல் விடுவார் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். கொழும்புக்கு என்றால் ரயில்தான். பெட்டியிலேயே கக்கூசு இருக்கிறது, அது போதும்.

"வயித்தால போறவ மெலியத்தானே வேணும், நீ எப்படி புள்ள இப்படி ஊதுற?" என்று மாமி கேட்பார். ஊரே கேட்கும். நோய் கிளம்பும்போதெல்லாம் ப்ரெட்னிசலோன் என்ற ஸ்டீரொய்ட் மருந்து கொடுப்பார்கள். அது பசியைக் கிளப்பி உடம்பை ஊதவைக்கும். கீரை, பயறு, பழம் தின்றால் வயிறு முறுக்கும் என்ற பயத்தில் வெள்ளைச் சோறும் கோதுமை மா ரொட்டியுமே கதி. கக்கூசை விட்டுத் தூரம் போகப் பயந்து நடையும் குறைந்துவிட்டது. 152 சென்ரிமீற்றர் உயரத்துக்கு 94 கிலோ. பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) 40ஐத் தாண்டிவிட்டது. முழங்கால் வலி, பிறகு பிரஷரும் வந்தது. ஒப்பரேஷன் யோசனை எனக்குச் சும்மா வரவில்லை.

நான் பணம் கட்டிய அலுவலகம் டவுனில் ஒரு கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. டொக்டர் கிடையாது, 'கோர்டினேட்டர்' என்று ஒரு தங்கச்சி. நல்ல தமிழ், நல்ல சிரிப்பு, வார்த்தைக்கு வார்த்தை அக்கா. என்னைத் தராசில் ஏற்றினார், உயரம் அளந்தார், கல்குலேட்டரைத் தட்டினார். "ஆசியாக்காரருக்கு 27.5 தாண்டினாலே செய்யலாம் அக்கா, நீங்க 40" என்றார். அந்த இலக்கம் பொய்யில்லை. 1991இல் வந்த பழைய வரையறை 40, வேறு நோய்கள் இருந்தால் 35. 2022இல் அமெரிக்கச் சத்திரசிகிச்சைச் சங்கம் ஒன்றும் சர்வதேசச் சங்கம் ஒன்றும் சேர்ந்து அதை 35 ஆக்கி, ஆசியர்களுக்கு 27.5 என்று தளர்த்தின. ஆனால் அது யாரைப் பற்றி யோசிக்கலாம் என்பதற்கான கணக்கு. எடையைப் பார்த்துவிட்டால் வயிற்றுக்குள் வேறெதையும் பார்க்க வேண்டாம் என்று அதில் எங்கும் இல்லை.

குரோன்ஸ் இருக்கிறது, நோயெதிர்ப்பைக் குறைக்கும் அசத்தியோப்ரின் குடிக்கிறேன், மாதாமாதம் இரத்தம் பார்க்கிறார்கள் என்று சொல்லி, கிளினிக் கொப்பியை மேசையில் வைத்தேன். அதைத் தொடவே இல்லை. அதற்கு வந்த பதிலை அப்படியே எழுதுகிறேன்: "வயிறு சின்னதானா சாப்பாடு குறையும் அக்கா. சாப்பாடு குறைஞ்சா போறதும் குறையும் தானே?" வருடக்கணக்காக அவதிப்படுகிறவளிடம் இப்படிச் சொன்னால் அது எவ்வளவு இனிக்கும் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

எனக்கு எழுதிய ஒப்பரேஷன் மினி பைபாஸ். இரைப்பையைச் சின்னதாக்கி, சிறுகுடலில் கீழே ஓர் இடத்தோடு நேரே இணைத்துவிடுவது. மொத்தம் பத்தரை லட்சம், முன்பணம் இரண்டு லட்சம். சீட்டு எடுத்த காசோடு தோட்டையும் அடகு வைத்துக் கட்டினேன். சத்திரசிகிச்சை நிபுணர் யார் என்று கேட்டதற்கு "பெனல் ஒன்னு இருக்கு" என்றார்கள். ஒருமுறை வீடியோ கோலில் ஒருவர் வந்து, நாக்கை நீட்டச் சொல்லிவிட்டு, "ஓகே" என்று போய்விட்டார். அவர் பெயர் எந்தத் தாளிலும் இல்லை. படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. அந்தத் தங்கச்சியே நிரப்பி, கையெழுத்துப் போடும் இடங்களில் பென்சிலால் புள்ளி வைத்துக் கொடுத்தார்.

அப்புறம் வந்தது 'முன்தயாரிப்பு உணவு'. ஒப்பரேஷனுக்கு முன் கொஞ்ச நாள் குறைந்த கலோரிச் சாப்பாடு கொடுப்பது உண்மையான வழக்கம்தான். ஈரல் சுருங்கினால் இரைப்பையை எட்டி வேலை செய்வது சத்திரசிகிச்சை செய்பவருக்கு இலகு. ஆனால் ஆளுக்கு ஏற்ற மாதிரி அல்லவா கொடுக்க வேண்டும்? எனக்குத் தந்தது பால்மா கலந்த பவுடர் பைக்கற்றுகள் (அதற்கு வேறு தனிக் காசு), பச்சைக் கரட், பச்சைக் கோவா, தவிடு. குரோன்ஸில் குடல் சுருங்கிய இடம் இருப்பவர்களுக்குப் பச்சை நார்ச்சத்து அங்கே போய் அடைத்துக்கொள்ளலாம். குடல் அழற்சி இருக்கும் பலருக்குப் பாலிலேயே இருக்கும் சீனியும் (லக்டோஸ்) ஒத்துக்கொள்வதில்லை. எனக்கு இரண்டும் சேர்ந்து வேலை காட்டியது. தொப்புளுக்கு வலப்பக்கம் முறுக்கி முறுக்கி வலி, வாந்தி, இரவெல்லாம் கக்கூசு. போன் எடுத்துச் சொன்னால், "உடம்பு சுத்தமாகுது அக்கா, நல்ல அறிகுறி" என்கிறார். வலிக்கு டைக்ளோபெனாக் குடிக்கவும் சொன்னார். அந்த வகை வலிநிவாரணிகள் குரோன்ஸைக் கிளப்பிவிடும் என்று கிளினிக்கில் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். நல்லவேளை குடிக்கவில்லை. பைபாஸ் செய்தவர்களுக்கும் அவை ஆகாது. புதிதாகத் தைத்த இடத்தில் புண் வரலாம். ஒப்பரேஷன் விற்கிற இடத்துக்கே இது தெரியவில்லை.

வீட்டுக்காரர் என்னை முச்சக்கரவண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து கண்டிக்கு அனுப்பினார்கள். வாட்டில் டொக்டர் என் பைக்குள் இருந்த அந்தப் படிவத்தை எடுத்து வாசித்தார். வாசித்துவிட்டு நர்ஸ் மிஸ்ஸையும் கூப்பிட்டுக் காட்டினார். நீண்டகால நோய்கள்: இல்லை. குடல் நோய்கள்: இல்லை. ஸ்டீரொய்ட், நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்துகள்: இல்லை. எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்று டிக் போட்டு, கீழே என் கையெழுத்து. கொப்பியை மேசையில் வைத்துவிட்டு வந்தவள் நான்! இரண்டு லட்சத்தை விட இந்த டிக்தான் எனக்கு இன்றைக்கும் எரிச்சல். ஒப்பரேஷன் மேசையில் எனக்கு ஏதாவது நடந்திருந்தால், 'நோயை மறைத்தாள்' என்று என் கையெழுத்தையே காட்டியிருப்பார்கள்.

பிறகு அதே ஆஸ்பத்திரியில் ஒரு சத்திரசிகிச்சை நிபுணர் கட்டிலில் உட்கார்ந்து படம் வரைந்து விளக்கினார். சல்லி இல்லாமல், அரசாங்க ஆஸ்பத்திரியில். அவர் சொன்னதில் எனக்குப் புரிந்தது இது.

பி12 உடம்பில் சேர வேண்டுமென்றால் இரைப்பையில் சுரக்கும் ஒரு பொருள் அதோடு சேர வேண்டும், பிறகு சிறுகுடலின் கடைசிப் பகுதி அதை உறிஞ்ச வேண்டும். பைபாஸ் மேல்முனையைக் கெடுக்கும். என் நோய் கீழ்முனையை ஏற்கெனவே கெடுத்து வைத்திருக்கிறது. இரும்பு, கல்சியம், விற்றமின் டி எல்லாமும் குறையலாம். பித்த உப்பைத் திரும்ப உறிஞ்சுவதும் அந்தக் கடைசிப் பகுதிதான். அது முடியாமல் போனால் பித்தம் பெருங்குடலுக்கு இறங்கித் தண்ணீராகப் போகும். எனக்குப் பாதி வயிற்றுப்போக்கு அதனால்தானாம். மினி பைபாஸில் சிறுகுடலில் ஒன்றரை, இரண்டு மீற்றர் வரை உணவு போகாமல் ஒதுக்கிவிடுவார்கள். குரோன்ஸ்காரருக்கு என்றைக்காவது குடலில் ஒரு துண்டை வெட்டியெடுக்க நேரலாம். அப்படிப்பட்டவர்களின் சிறுகுடல் சேமிப்புப் பணம், அதில் கை வைக்கக்கூடாது என்றார். "சாப்பாடு குறைஞ்சா போறதும் குறையும்" என்பது எவ்வளவு பெரிய கதை என்று அப்போதுதான் விளங்கியது.

அதற்காக எனக்கு ஒப்பரேஷனே கூடாது என்று அவர் சொல்லவில்லை. என் போன்றவர்களுக்குச் செய்வதென்றால் பெரும்பாலும் ஸ்லீவ் முறையைத்தான் பார்ப்பார்களாம். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டியெடுத்துவிடுவார்கள், குடலில் கை வைப்பதில்லை. வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது, நெஞ்செரிப்பு கூடலாம், விற்றமின் குளிசை ஆயுளுக்கும். அதுவும் நோய் அடங்கியிருக்கும் காலத்தில், ஸ்டீரொய்ட் நிறுத்திய பிறகு. ஸ்டீரொய்டோடு வெட்டினால் தையல் சரியாக ஆறாமல் போகலாம். குடல் டொக்டரும் சத்திரசிகிச்சை டொக்டரும் ஒருவரோடு ஒருவர் பேசியாக வேண்டும். அந்த மேல்மாடியில் இந்தப் பேச்சே எழவில்லை.

ஐ.பி.எஸ். மட்டும் உள்ளவர்களுக்கும் ஒன்று: பைபாஸுக்குப் பிறகு இனிப்பு வேகமாகக் குடலில் இறங்கி, வியர்த்து, நெஞ்சு படபடத்து, வயிற்றால் போவது பலருக்கு நடக்கிறது. நம் ஆட்கள் தேத்தண்ணியில் போடும் சீனிக்கு இது சின்ன விஷயமில்லை. இரும்புக் குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்கும் வழக்கமும் நமக்கு உண்டு. தேத்தண்ணி இரும்பைச் சேரவிடாது. ஒப்பரேஷன் செய்தவருக்கு அது இரட்டை நட்டம்.

பணம் கேட்கப் போனபோது அதே சிரிப்புதான். நோயாளி தானாக நிறுத்தினால் முன்பணம் திரும்பாது என்று படிவத்தில் இருக்கிறதாம். சண்டை போட்ட பிறகு 40,000 தந்தார்கள். மீதி 'ஆலோசனை, பரிசோதனைக் கட்டணம்'. தராசில் ஏற்றியதும், ஒரு இரத்தச் சோதனையும், ஒரு ஸ்கேனும் 160,000! பற்றுச்சீட்டில் பிரித்து எழுதித் தாருங்கள் என்றேன், தரவில்லை.

நீங்கள் இப்போதே ஏதாவது இடத்தோடு பேசிக்கொண்டிருந்தால், வெட்டப்போகும் டொக்டரின் முழுப் பெயரையும் இலங்கை மருத்துவ சபைப் பதிவு இலக்கத்தையும் எழுத்தில் கேளுங்கள். பதிவை சபையின் இணையத்தளத்திலேயே பார்க்கலாம். தனியார் மருத்துவ நிலையங்கள் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி பதிவுசெய்திருக்க வேண்டும், அந்தச் சான்றிதழையும் காட்டச் சொல்லுங்கள். படிவத்தைக் கையெழுத்துக்கு முன் வீட்டுக்குக் கொண்டுபோய் வாசிக்கத் தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள், அங்கேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977க்கு அழையுங்கள். நான் அழைத்த பிறகு எழுத்தில் தரச் சொன்னார்கள். பற்றுச்சீட்டு, படிவத்தின் நகல், கிளினிக் கொப்பியில் குரோன்ஸ் என்று எழுதியிருக்கும் பக்கம் எல்லாம் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன். அந்தத் தங்கச்சியின் குரல் பதிவுகளையும் அழிக்காமல் வைத்திருக்கிறேன், 'உடம்பு சுத்தமாகுது' உட்பட.