இல்லாத மாவட்டத்தின் முத்திரைக்கு 22,000 ரூபாய்

கொடைக்கானல் மலையில் பூர்வீகச் சொத்துக்காகப் பழைய கோர்ட் காகிதம் தேடிக்கொண்டிருப்பவர்கள், யாரிடமாவது பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் கொடுத்துவிட்டேன்.

எங்களுக்குப் பண்ணைக்காட்டுக்குக் கீழே நாலரை ஏக்கர் இருக்கிறது. காபி, அதற்கு நிழல் தரும் சில்வர் ஓக், அதில் ஏற்றிவிட்ட மிளகு, ஓரத்தில் கொஞ்சம் மலைவாழை. தாத்தா வாங்கிய தோட்டம். அவர் கைப்பட ஓர் உயில் எழுதி வைத்துவிட்டு 1981-ல் இறந்தார். அந்த உயிலுக்கு அப்பா கோர்ட்டில் ப்ரொபேட் வாங்கினார். 'இந்த உயில் மெய்யானது, இதை நிறைவேற்ற இன்னாருக்கு அதிகாரம் உண்டு' என்று கோர்ட் முத்திரை போட்டுத் தருவதுதான் ப்ரொபேட். நாங்கள் கத்தோலிக்கர்கள். இந்தியக் கிறிஸ்தவர் எழுதிய உயிலை வைத்துக் கோர்ட்டில் உரிமை கேட்க வேண்டுமானால் அன்றைக்கு ப்ரொபேட் இருந்தே ஆகவேண்டும். 2002-ல் சட்டத்தைத் திருத்திய பிறகுதான் அந்தக் கட்டாயம் போனது. அதனால் அப்பா கோர்ட்டுக்கு அலைந்த கதையைச் சின்ன வயதிலிருந்தே கேட்டிருக்கிறேன். எந்த ஊர்க் கோர்ட் என்று கேட்கத்தான் ஒருநாளும் தோன்றவில்லை.

அசல் இப்போது எங்களிடம் இல்லை. ஒரு ஐப்பசி மழையில் ஓடு பிரிந்து டிரங்குப் பெட்டி முழுக்க நனைந்தபோது கூழாகப் போனவற்றில் அதுவும் ஒன்று. பட்டா அப்பா பேரில் இருந்தது, வரி ரசீது இருந்தது. அது போதும் என்று இருந்துவிட்டோம். அப்பாவும் போனபிறகு, தோட்டத்தை அடமானம் வைத்துக் கடன் வாங்கலாம் என்று வங்கிக்குப் போனேன். வங்கி வக்கீல் பட்டா, சிட்டா, வில்லங்கம் எல்லாம் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "தாத்தாகிட்டேருந்து அப்பாவுக்கு எப்படி வந்தது? அந்தக் காகிதம் எங்கே?" ப்ரொபேட்டின் சான்றிட்ட நகல் கொண்டுவரச் சொன்னார். வில்லங்கச் சான்றில் அது வராது. பத்திரப் பதிவு ஆபீசில் பதிந்த காகிதமாக இருந்தால்தானே வில்லங்கத்தில் ஏறும்!

சரி, எங்கே போய்த் தேடுவது? ஈ-கோர்ட்ஸ் இணையதளத்தில் அப்பா பேரைப் போட்டுப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. பதிவு ஆபீசுக்கு எதிரே ஒரு டீக்கடை. அங்கே விசாரித்தபோது கடைக்காரர், "இவர்கிட்ட கேளுங்க, கோர்ட்டு வேலையெல்லாம் இவர்தான் பார்ப்பார்" என்று பக்கத்தில் இருந்தவரைக் காட்டினார். வெள்ளைச் சட்டை, அக்குளில் ரெக்சின் பை, பையிலிருந்து எட்டிப் பார்க்கும் பச்சை நிற லெட்ஜர் தாள். வக்கீல் என்று அவர் எங்கேயும் சொல்லவில்லை. நானாகத்தான் வக்கீல் குமாஸ்தா என்று எடுத்துக்கொண்டேன்.

"திண்டுக்கல் கோர்ட்டு ரெக்கார்டு ரூம்ல நம்ம ஆளு இருக்காருண்ணே. பழைய கேஸ்னா தூசியைத் தட்டி எடுக்கணும், அவ்வளவுதான்" என்றார். தேடுவதற்கு 5,000. இரண்டு வாரம் கழித்து, வழக்குக் கட்டு கிடைத்துவிட்டது, வெளியே எடுக்க 7,000. அதற்கும் மூன்று வாரம் கழித்து, நகல் தயார், ஆனால் அய்யா கையெழுத்துக்கு இன்னும் 10,000. ஒவ்வொரு தடவையும் வேறு வேறு நம்பருக்கு ஜிபே செய்யச் சொன்னார். ஒவ்வொன்றும் வேறு வேறு பெயர். அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைத்தது என்றே சொல்லலாம். ஆனால் முதலில் கொடுத்த ஐயாயிரத்தை விட்டுவிட மனசு வரவில்லை. சூதாட்டத்தில் இருப்பவன் புத்தி அப்படித்தான் வேலை செய்யும்.

நடுவில் ஒருநாள் அவர் என்னிடம் நிறையக் கேள்வி கேட்டார். தாத்தா பேர், தாத்தாவின் அப்பா பேர், சர்வே நம்பர், யாருக்கு எழுதி வைத்தார், எத்தனை ஏக்கர். "கட்டுல சரியா ஒத்துப் பார்க்கணும்ல" என்றார். நானும் தெரிந்ததையெல்லாம் ஒப்பித்தேன்: நாலரை ஏக்கரும் அப்பாவுக்கு, 1983-ல் ஆர்டர் ஆனது. அவர் அந்த லெட்ஜர் தாளில் எழுதிக்கொண்டார். அந்த இடத்தை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. கதையை எழுதிக் கொடுத்தவனே நான்தான்.

கடைசியில் நகல் வந்தது. பார்க்க ரொம்ப நன்றாகவே இருந்தது. பழுப்புத் தாள், கோர்ட் ஃபீஸ் வில்லை ஒட்டி அதன்மேல் ஊதா முத்திரை, மேலே 'திண்டுக்கல் மாவட்டம், மாவட்ட நீதிபதி அவர்கள் முன்னிலையில், 1983' என்று தட்டச்சு. அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, "உபதேசியார் சாட்சிக் கையெழுத்துப் போட்டாரே, அவர் பேரைக் காணோம்?" என்றார். கோயிலில் வேதம் சொல்லிக்கொடுப்பவரைத்தான் உபதேசியார் என்போம். அம்மாவுக்கு வயதாகிவிட்டது, மறந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

வங்கி வக்கீல் அம்மா அதைக் கையில் வாங்கி முதல் வரியைத்தான் படித்தார்.

"தம்பி, திண்டுக்கல் தனி மாவட்டமா ஆனதே 1985 செப்டம்பர்ல. 1983-ல நீங்களெல்லாம் மதுரை மாவட்டம். அப்ப இங்கே மாவட்ட நீதிபதி எங்கேருந்து வந்தாரு?"

எனக்குப் பேச்சே வரவில்லை. பிரித்த புதிதில் 'அண்ணா மாவட்டம்' என்று பஸ்ஸில் எழுதியிருந்ததைப் பார்த்து வளர்ந்தவன் நான். தெரிந்த விஷயம்தான், இந்தக் காகிதத்தோடு சேர்த்து யோசிக்கவில்லை.

அப்புறம் அவர் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினார். வெறுமையாக இருந்தது. இந்த மாவட்டக் கோர்ட்டுகளில் சான்றிட்ட நகல் என்றால் அதில் நகல் மனு எண் இருக்கும். மனு கொடுத்த தேதி, முத்திரைத்தாள் அல்லது கட்டணம் கேட்ட தேதி, கட்டிய தேதி, நகல் தயாரான தேதி, கொடுத்த தேதி என்று ஒரு முத்திரையில் வரிசையாக நிரப்பியிருப்பார்கள். எழுதியவர், ஒப்பிட்டுப் பார்த்தவர் சுருக்கொப்பமும் இருக்கும். முன்பக்கத்துக்கு அத்தனை பாடுபட்ட ஆசாமி பின்பக்கத்தை மறந்துவிட்டார். நீங்கள் யாரிடம் வாங்கினாலும் முதலில் அந்தத் தேதி வரிசையைத் தேடுங்கள். அந்த நகல் மனு எண்ணைக் கொண்டுபோய் அதே கோர்ட்டின் நகல் பிரிவில் கேட்டால், அப்படி ஒரு மனு வந்ததா இல்லையா என்று தெரிந்துவிடும்.

"இதை நான் ஃபைல்ல வெச்சேன்னா உங்களுக்குத்தான் ஆபத்து. தெரிஞ்சே பொய்க் காகிதத்தைக் கொடுத்த மாதிரி ஆயிடும். கொண்டு போயிடுங்க" என்று திருப்பித் தந்தார். நல்ல மனுஷி.

அந்த ஆளுக்குப் போன் போட்டேன். முதல் நாள், "டைப்பிஸ்ட் தப்புண்ணே, மாத்தித் தர்றேன்" என்றார். மறுநாள், "அதெல்லாம் வேண்டாம், புதுசாவே ப்ரொபேட் போட்டுடலாம், அறுபதாயிரம் ஆகும்" என்றார். மூன்றாம் நாள் போன் அணைந்திருந்தது. டீக்கடையில் கேட்டால் பழனிப் பக்கம் போய்விட்டார் என்றார்கள். போலீசில் மனு கொடுத்து, மனு வாங்கியதற்கு அவர்கள் தரும் சி.எஸ்.ஆர். ரசீதை வாங்கி வைத்திருக்கிறேன். பணம் திரும்பும் என்ற நம்பிக்கை இல்லை.

இதையெல்லாம் அம்மாவிடம் மறைத்து வைத்திருந்தேன். ஒருநாள் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டுக் கேட்டார், சொன்னேன். எழுந்துபோய்ப் பைபிளை எடுத்து வந்தார். செபமாலை அட்டைகளுக்கும் சுரூபப் படங்களுக்கும் நடுவே பழுப்பேறிய ஒரு தபால் அட்டை. மதுரை வக்கீல் அப்பாவுக்கு எழுதியது: தங்கள் ஓ.பி. (ஒரிஜினல் பெட்டிஷன், அதாவது ப்ரொபேட் கேட்டுப் போட்ட மனு) இன்ன எண், இன்ன தேதியில் உத்தரவாகியுள்ளது, மீதிக் கட்டணத்துடன் நேரில் வரவும்.

"என்கிட்ட முதல்லயே கேட்டிருந்தா தந்திருப்பேனேடா" என்றார்.

ஓ.பி. எண்ணும் ஆண்டும் கையில் இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. பதிவேட்டில் தேடும் வேலை இருக்காது. விடியற்காலைப் பஸ்ஸில் வத்தலகுண்டு இறங்கி, அங்கிருந்து மதுரை போனேன். மாவட்ட நீதிமன்றத்தின் நகல் பிரிவில் நகல் மனு கொடுத்தேன். அந்த ஓ.பி.யில் மனுதாரர் அப்பா. நான் அந்த வழக்கில் ஒரு தரப்பு இல்லை. அதனால் அப்பாவின் இறப்புச் சான்று, தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்று, எதற்காக நகல் கேட்கிறேன் என்று ஒரு பிரமாணப் பத்திரம் மூன்றையும் சேர்க்க வேண்டியிருந்தது. பிரமாணப் பத்திரத்தை மட்டும் அங்கே ஒரு வக்கீலிடம் எழுதி வாங்கினேன்.

மலையிலிருந்து போகிறவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. மனு கொடுத்ததும் வீட்டுக்கு நகல் வந்துவிடாது. கட்டைத் தேடி எடுத்து, எத்தனை பக்கம் என்று எண்ணி, இத்தனைக்கு முத்திரைத்தாள் கட்டு என்று அறிவிப்புப் பலகையில் மனு எண்ணைப் போடுவார்கள். குறித்த நாளுக்குள் கட்டாவிட்டால் மனு தள்ளுபடி. யாரும் போன் செய்து சொல்வதில்லை. அந்த வாரம் மண் சரிந்து மலைப்பாதையில் பஸ் நின்றுபோனது. நான் போய்ச் சேர்ந்தபோது கெடு தாண்டி இரண்டு நாள். மறுபடி முதலிலிருந்து மனு. இரண்டாம் முறை, பிரமாணப் பத்திரம் எழுதிய வக்கீலின் குமாஸ்தாவிடமே பலகையைப் பார்க்கச் சொல்லிவிட்டு வந்தேன். அவர் அதற்கு 300 ரூபாய் கேட்டார். கேட்ட வேலையைச் செய்தார். நகலுக்கு நான் கட்டியது, அந்த முந்நூறு, பஸ் செலவு எல்லாம் சேர்ந்தும் இரண்டாயிரத்தைத் தொடவில்லை.

கட்டு அழிந்துபோயிருக்குமோ என்று பயந்துகொண்டேதான் போனேன். ப்ரொபேட் கொடுத்த உயிலின் அசலைக் கோர்ட் தன் ஆவணங்களோடு பத்திரப்படுத்த வேண்டும் என்று 1925-ம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டத்திலேயே, 294-ம் பிரிவில், இருக்கிறதாம். "உயில் கட்டை அழிக்க மாட்டோம் சார்" என்றார் ரெக்கார்டு பிரிவு ஊழியர். அந்த ஒரு வரியை டீக்கடையில் எனக்கு யாரும் சொல்லவில்லை.

இடையில் இன்னொன்று. பக்கத்துத் தோட்டத்துக்காரர் இந்து. அவருடைய அப்பா எழுதிய உயிலுக்கும் ப்ரொபேட் கட்டாயம் என்று இதே ஆள் முன்பணம் வாங்கியிருக்கிறார். இந்துக்களின் உயிலுக்குத் தமிழ்நாட்டில் அந்தக் கட்டாயம் இருந்ததே சென்னை நகர எல்லைக்குள் எழுதிய உயிலுக்கும் அங்கே இருக்கும் நிலம், வீட்டுக்கும்தான். பண்ணைக்காட்டில் எழுதிய உயில், பண்ணைக்காட்டு நிலம், அதற்கு எதற்கு? அதிலும் அவருடையது பதிவு செய்த உயில். எழுதியவர் இறந்துவிட்டால், இறப்புச் சான்றைக் காட்டிப் பதிவு ஆபீசிலேயே நகல் வாங்கலாம். அவருக்குப் போனது 8,000. தேனிப் பக்கத்துக்காரர்களும் கவனியுங்கள்: உங்கள் மாவட்டம் பிரிந்ததும் 1990-களில்தான். அதற்கு முந்திய மாவட்டக் கோர்ட் உத்தரவு என்றால் மதுரையில் விசாரியுங்கள்.

ஒருவழியாக உண்மையான நகல் கைக்கு வந்தது. பின்பக்கத்தில் ஐந்து தேதிகள். இணைப்பாகத் தாத்தாவின் உயில், சாட்சிகள் இருவர். இரண்டாவது பெயர் உபதேசியாருடையது. அம்மா சொன்னது சரி.

நகல் பிரிவு வாசலில் நின்றபடியே சொத்து விவரத்தைப் படித்தேன். நான்கு ஏக்கர் பத்து சென்ட் அப்பாவுக்கு. ஓடையை ஒட்டிய 40 சென்ட் அத்தைக்கு.

போலி நகலில் அது இல்லை. எப்படி இருக்கும்? நான் சொன்னதைத்தானே அவன் எழுதினான்! வக்கீல் அம்மா மட்டும் அன்றைக்கு முதல் வரியைக் கவனிக்காமல் விட்டிருந்தால், அத்தையின் நிலத்தையும் சேர்த்து அடமானம் வைத்துக் கையெழுத்துப் போட்டிருப்பேன். அப்பாவுக்கு இது தெரிந்திருக்கும். அவர் ஏன் சொல்லவில்லை, அத்தை ஏன் கேட்கவில்லை, இரண்டும் எனக்குத் தெரியாது. நான் பள்ளிக்கூடம் போகிற காலத்திலேயே அவர்களுக்குள் பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்தது.

கடன் மனுவை இப்போதைக்கு நிறுத்தி வைத்திருக்கிறேன். அத்தை பெரியகுளத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். போன் செய்தபோது, "யாரு, பெரியவன் மகனா?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "ஓடைக்கரையில ஒரு பலாமரம் நின்னுச்சே, இருக்கா?" என்றார். இருக்கிறது என்றேன். வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் அம்மாவும் நானும் போகிறோம். நகலை இரண்டு படி எடுத்து வைத்திருக்கிறேன், ஒன்று அவருக்கு.