மார்ச்சில் நாற்றா, மே மாதத்தில் கன்றா? ரொறன்ரோ வீட்டுத்தோட்டத்துக்கு எது தோது

பங்குனி பிறந்ததும் ஸ்காபரோவில் எங்கட ஆக்கள் நாலு பேர் கூடினால் இந்தக் கேள்வி வந்துவிடும். "இந்த முறை கத்தரிக்கு விதை போட்டாச்சோ, இல்லை கன்று வாங்கப் போறியளோ?" வெளியே பனி இன்னும் கரைந்து முடிந்திராது. வளவில் கால் வைத்தால் புதையும். ஆனாலும் அப்போதே விடை வைத்திருக்க வேண்டும். ஏப்ரல் கடைசியில் யோசித்தால் பாதி வழி அடைபட்டுவிடும்.

வழிகள் மூன்று: மார்ச்சில் வீட்டுக்குள் விளக்கு வைத்து நாற்று வளர்ப்பது, மே மாதம் கன்று வாங்கி நடுவது, மண் இளகியதும் நேரே விதைப்பது. இதில் எது நல்லது என்று மொத்தமாகக் கேட்டால் விடை கிடையாது. எந்தப் பயிருக்கு எது என்று கேளுங்கள், தெளிவாகச் சொல்லலாம்.

முதலில் நாட்கணக்கு. ரொறன்ரோவில் கடைசி உறைபனி பெரும்பாலும் மே முற்பாதியோடு முடியும். ஏரியை விட்டு வடக்கே மார்க்கம் பக்கம் போனால் இன்னும் சில நாள் பிந்தலாம். அதனால்தான் மே 25க்கு முந்திய திங்கட்கிழமை வரும் விக்ரோறியா தின விடுமுறையை ஊரே நடவு நாளாக வைத்திருக்கிறது. ஒக்ரோபரில் மறுபடி உறைபனி. நம்முடைய காய்களுக்கு உள்ள காலம் இந்த இடைவெளிதான்.

இந்தக் கணக்கில் கத்தரியை வைத்துப் பாருங்கள். ஜூன் 1ஆம் திகதி நேரே மண்ணில் விதைத்தால், முளைத்து நடும் பருவத்துக்கு வர எட்டுக் கிழமை. அதோடு ஜூலை முடிந்துவிடும். நட்ட கன்று காய்க்க இன்னும் எழுபது நாள் பிடிக்கும். ஒக்ரோபர் பிறந்துவிடும், செடி அப்போதுதான் பூவும் பிஞ்சுமாக நிற்கும், ஒரு இரவுக் குளிரில் கருகிவிடும். ஆகவே கத்தரிக்கும் மிளகாய்க்கும் நேரடி விதைப்பு என்ற பேச்சே வேண்டாம். போட்டி மற்ற இரண்டுக்கும் இடையில்தான்.

அதில் நான் வீட்டு நாற்றின் பக்கம். காரணம் காசு மட்டுமல்ல. ஒரு பைக்கற் விதையின் விலைக்கு ஒன்றோ இரண்டோ கன்றுதான் வரும் என்பது உண்மையே. ஆனால் பெரிய காரணம் இனம். நர்சரிகளில் அதிகம் கிடைப்பது கறுத்துப் பருத்த இத்தாலியக் கத்தரி. பால்கறிக்கும் பொரித்த குழம்புக்கும் நாம் தேடுகிற நீட்டு ஊதாவோ வரிக்கத்தரியோ அங்கே வருவது அருமை. சில தமிழ்க்கடை வாசல்களில் கன்று வைத்து விற்கிறார்கள்தான். அப்படி ஒரு முறை நீட்டுக் கத்தரி என்று சொல்லித் தந்த ஆறு கன்றும் ஓகஸ்டில் உருண்டையாகக் காய்த்தன. ஒரு கோடை முழுக்கத் தண்ணீர் ஊற்றிய பிறகு தெரிவதென்றால் மனம் நோகும்.

ஆனால் வீட்டு நாற்றுக்கு உழைப்பு உண்டு, அதை மறைக்கக் கூடாது. ஊரில் நாற்றுமேடையில் விதையைத் தூவி, வெயில் படாமல் கிடுகால் மறைத்தோம். இங்கே எல்லாம் தலைகீழ். வெளிச்சத்தையும் சூட்டையும் நாம் கொடுக்க வேண்டும். கத்தரி, மிளகாய் விதைகள் 25 முதல் 30 பாகை வரை சூடு கேட்கும். பேஸ்மென்ற் தரையில் வைத்தால் இரண்டு கிழமையானாலும் அசைவு தெரியாது. ஃபிரிட்ஜின் மேலே சூடு பிடித்தால் அங்கே வைக்கலாம், சூட்டு விரிப்பு இருந்தால் இன்னும் நல்லது. முளை தெரிந்த அன்றே தட்டை விளக்கின் கீழ் கொண்டுபோக வேண்டும். யன்னலோரம் போதும் என்று நினைப்பவர்கள்தான் பெரும்பாலும் தோற்கிறார்கள். மார்ச் மாத வெயிலுக்கு அந்த வலு இல்லை, நாற்று நூல் மாதிரி நீண்டு சரிந்துவிடும். சாதாரண எல்ஈடி குழாய் விளக்கே போதும், ஆனால் நாற்றின் தலைக்கு மேலே நாலு விரலளவில் தொங்க வேண்டும், நாளுக்கு 14 முதல் 16 மணி நேரம் எரிய வேண்டும்.

இன்னொன்று, வளவு மண்ணை அள்ளி வந்து தட்டில் போடாதீர்கள். அது இறுகும், பூஞ்சையும் கூடவே வரும். நேற்று நிமிர்ந்து நின்ற நாற்று இன்று அடித்தண்டு கறுத்து விழுந்து கிடப்பது அந்தப் பூஞ்சையால்தான். விதைக்கென்று விற்கும் கலவையை வாங்குங்கள், தண்ணீரைத் தட்டின் அடியில் ஊற்றி உறிஞ்ச விடுங்கள், சின்ன மின்விசிறி ஒன்றைச் சுழல விடுங்கள். மூன்று கன்றுக்காக இவ்வளவு பாடு தேவையா என்றால், தேவையில்லை, வாங்கிவிடுங்கள். பத்துக்கு மேல் நடுகிறவருக்கே இது கட்டும்.

தக்காளியில் என் தீர்ப்பு மாறும். நர்சரியில் இனங்கள் தாராளமாக இருக்கின்றன, கன்றும் தடித்து நிற்கும். நாலைந்து செடி போதும் என்ற வீட்டுக்கு வாங்குவதே மேல். விதை போடத்தான் ஆசை என்றால் ஏப்ரல் முற்பகுதிவரை பொறுங்கள். மார்ச் முதலில் போட்ட தக்காளி மே வருமுன் விளக்கை முட்டி, சட்டிக்குள் வேர் சுருண்டு தவிக்கும். வாங்கும்போது உயரத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். பூவோடு நிற்கும் நெட்டைக் கன்றைவிடத் தண்டு தடித்த குட்டைக் கன்று சீக்கிரம் வேர் பிடிக்கும்.

நேரடி விதைப்புக்கு அரசர்கள் குளிர் தாங்கிகள்: பட்டாணி, ஸ்பினாச், முள்ளங்கி, கொத்தமல்லி, வெந்தயக்கீரை. இவற்றைக் கன்றாக வாங்குவது வீண் செலவு. முள்ளங்கியைப் பிடுங்கி நட்டால் கிழங்கு கோணும். கொத்தமல்லி பிடுங்கி நட்டாலும் சரி, வெயில் ஏறினாலும் சரி, பூத்துவிடும். ஏப்ரல் நடுவில் போட்டால் ஜூன் வருமுன் கிள்ளிச் சமைத்துவிடலாம். மே கடைசியில் எல்லாவற்றையும் ஒன்றாக விதைக்கும் வழக்கம் எங்களிடம் இருக்கிறது. அதனால் ஆறு கிழமைக் கீரையை ஒவ்வொரு வருடமும் இழக்கிறோம் என்பதுதான் எனக்கு ஆதங்கம்.

அதற்காக அவசரப்பட்டு மண்ணைக் கொத்தவும் கூடாது. இந்தப் பக்கம் பல வளவுகளில் களிமண். ஈரமாகக் கொத்தினால் கட்டிபட்டுக் கோடை முழுக்கக் கல்லாக இருக்கும். ஒரு பிடி எடுத்து அழுத்திப் பாருங்கள். விரலால் தட்டியதும் உதிர்ந்தால் வேலையைத் தொடங்கலாம், உருண்டையாகவே இருந்தால் இன்னும் சில நாள் விடுங்கள். கொத்தாமல் மேலே இரண்டு அங்குலம் கொம்போஸ்ற் பரப்பிவிட்டு அதில் விதைப்பவர்களும் உண்டு. கீரைக்கு அது நன்றாகவே போதும்.

பாகல், புடோல், பீர்க்கு மூன்றுக்கும் நடுவழி. வேரை அசைத்தால் முகம் சுருங்கும் கொடிகள் இவை. ஏப்ரல் கடைசியில் விதையை ஓரிரவு ஊறவைத்து, கடதாசிச் சட்டியில் ஒன்றொன்றாகப் போட்டு, ஜூன் தொடக்கத்தில் சட்டியோடு புதைத்துவிடுங்கள். வெண்டிக்கும் பயற்றங்காய்க்கும் அந்த வேலைகூட வேண்டாம். மண் சூடேறிய பிறகு ஜூன் முதற்கிழமையில் நேரே போடுங்கள். மே நடுவில் ஆசைப்பட்டுப் போட்ட வெண்டி விதை குளிர்ந்த மண்ணில் அழுகித்தான் போகும்.

வீட்டில் வளர்த்ததோ, கண்ணாடிக் கொட்டகையிலிருந்து வாங்கியதோ, எந்தக் கன்றையும் நேரே வெயிலில் நடக்கூடாது. முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், மறுநாள் இரண்டு என்று ஒரு கிழமை, பத்து நாள் பழக்க வேண்டும். பழக்காத கத்தரி இலை ஒரே மத்தியானத்தில் வெளுத்துக் காகிதமாகிவிடும். நட்டதும் மெல்லிய வலைத்துணியால் மூடுங்கள். இங்குள்ள தத்து வண்டுகள் இளம் கத்தரி இலையை ஊசித்துளையாகச் சல்லடை போட்டுவிடும். பூ வந்ததும் துணியை எடுத்துவிடலாம். குளிருக்கு உள்ளே வைத்த கறிவேப்பிலைச் சட்டியும் அந்த நாட்களில்தான் வெளியே வர வேண்டும், அதுவும் இரவு வெப்பம் 10 பாகைக்கு மேலே நிலைத்த பிறகு.