மேட்பவருடன் ஒன்பது ஆண்டுகள்: கன்வெர்ஜ் ஆனால் மட்டும் போதாது

2016-ல் ஒரு காற்றாலைப் பூங்காவை 110 கேவி துணைமின் நிலையத்தோடு இணைப்பதற்கான லோட் ஃப்ளோ வேலை (எந்த லைனில் எவ்வளவு மின்சாரம் ஓடும், எங்கே எவ்வளவு மின்னழுத்தம் இருக்கும் என்ற கணக்கு) என் கைக்கு வந்தது. நான் தனியாகத் தொழில் தொடங்கிய சமயம் அது. கட்டண மென்பொருள்களின் உரிமத்தொகையைக் கேட்டாலே தலை சுற்றும். கல்லூரியில் ஒரு தடவை தொட்டுப் பார்த்த மேட்பவர் என்ற மின்வலையமைப்புக் கணக்கு மென்பொருள் நினைவுக்கு வந்தது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் ரே சிம்மர்மன் குழுவினர் 1990-களில் உருவாக்கியது. இலவசம், மூல நிரலும் திறந்தே கிடக்கும். மேட்லேப் என்ற கட்டண மென்பொருளுக்குள் ஓடுவது; அது இல்லாவிட்டால் அதன் இலவச மாற்றான ஆக்டேவிலும் ஓடும். அன்று முதல் இன்று வரை ஆக்டேவில்தான் ஓட்டுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாடிக்கையாளரோ மின்வாரியமோ எந்த மென்பொருளில் அறிக்கை கேட்கிறார்களோ, அதில்தான் கொடுத்தாக வேண்டும். அதற்கு வேறு ஒருவரோடு சேர்ந்து வேலை செய்கிறேன். மேட்பவர் எனக்குக் கணக்கைப் புரிந்துகொள்ளவும், வந்த விடையைச் சரிபார்க்கவும்தான். அந்த இடத்தில் இதற்கு ஈடாக இன்னொன்றை நான் பார்க்கவில்லை.

நிறுவுவதில் பெரிய சிரமம் கிடையாது. கூடவே வரும் 9 பஸ் (லைன்களும் ஜெனரேட்டர்களும் சேரும் முனை) மாதிரியைத் திறந்தால், மொத்த வலையமைப்பும் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பாக இருக்கும். பஸ்களுக்கு ஒரு அட்டவணை, ஜெனரேட்டர்களுக்கு ஒன்று, லைன்களுக்கு ஒன்று. 315 மெகாவாட் சுமை, மூன்று ஜெனரேட்டர்கள். ஓட்டினால் கண் இமைக்கும் நேரத்தில் விடை வரும். லைன்களில் கிட்டத்தட்ட 5 மெகாவாட் இழப்பு காட்டும். போலந்தின் 2383 பஸ் மாதிரியைக்கூட என் பழைய மடிக்கணினி சில வினாடிகளில் முடித்துவிடும். ஒற்றைக்கோட்டு வரைபடம் வரைந்து சொடுக்கும் வசதி இல்லை. முதலில் அது குறையாகத்தான் பட்டது. ஆனால் எண்களை நாமே தட்டச்சு செய்யும்போது ஒவ்வொரு லைனின் எக்ஸ் (ரியாக்டன்ஸ், ஒருவகைத் தடை) மதிப்பும் மனதில் பதிந்துவிடுகிறது.

அப்புறம்தான் பாடங்கள் தொடங்கின.

முதல் வேலையிலேயே ஒரு தவறு செய்தேன். பாடப்புத்தகத்தில் லைனின் பை மாதிரியை (π வடிவச் சுற்று) வரையும்போது, லைன் எந்த அளவுக்குக் கெப்பாசிட்டர்போல நடந்துகொள்கிறது என்பதைக் காட்டும் சார்ஜிங் சஸெப்டன்ஸைப் பாதிப் பாதியாக இரு முனையிலும் போடுவோம். அந்தப் பழக்கத்தில் அட்டவணையிலும் பாதி மதிப்பைப் போட்டுவிட்டேன். மேட்பவர் கேட்பது முழு மதிப்பை. பாதியாகப் பிரிப்பதை அதுவே பார்த்துக்கொள்ளும். சுமை அதிகமான நேரக் கணக்கில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இரவு நேரக் குறைந்த சுமையைப் போட்டபோது மின்னழுத்தம் ஏற வேண்டிய அளவுக்கு ஏறவில்லை. துணைமின் நிலைய லாக் புத்தகத்தில் இருந்த எண்ணோடு ஒப்பிட்ட பிறகுதான் பிடிபட்டது.

இது சின்ன விஷயம் அல்ல. 400 கேவி ட்வின் மூஸ் (இரட்டைக் கம்பி) லைன் ஒன்று 100 கிலோமீட்டருக்குச் சுமார் 55 மெகாவார் ரியாக்டிவ் பவரைத் தானாகவே உற்பத்தி செய்யும். நேரடியாக வேலை எதுவும் செய்யாமல் மின்னழுத்தத்தைத் தாங்கும் மின்திறன் அது; மெகாவார் அதன் அலகு. பகலில் சுமை அதை உறிஞ்சிக்கொள்ளும். சுமை இறங்கிய நேரத்தில் அது மின்னழுத்தத்தைத் தூக்கிவிடும். அந்த மிகுதியை உறிஞ்சும் ஷன்ட் ரியாக்டர்கள் வைப்பது அதற்காகத்தான். மின்னழுத்தம் விழுந்தால்தான் ஆபத்து என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். 2025 ஏப்ரல் 28 அன்று நண்பகலில் ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருண்டு போனது, மின்னழுத்தம் ஏறி ஏறி உற்பத்தி நிலையங்கள் வரிசையாகக் கழன்றதால்தான். அந்தச் செய்தியைப் படித்த அன்று என் பழைய கோப்பைத் திறந்து, பாதி மதிப்பு, முழு மதிப்பு இரண்டையும் போட்டு மறுபடி ஓட்டிப் பார்த்தேன்.

இரண்டாவது பாடம் இன்னும் முக்கியமானது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் தயவுசெய்து கவனிக்கவும். சாதாரண பவர் ஃப்ளோவை (லோட் ஃப்ளோவின் இன்னொரு பெயர்) அப்படியே ஓட்டினால், ஜெனரேட்டரின் ரியாக்டிவ் வரம்பை மேட்பவர் கண்டுகொள்ளாது. நீங்கள் கொடுத்த மின்னழுத்தத்தைப் பிடித்து நிறுத்த எவ்வளவு மெகாவார் தேவையோ அவ்வளவையும் அந்த ஜெனரேட்டர் தருவதாக வைத்துக்கொள்ளும். அழகாகக் கன்வெர்ஜ் ஆகும், அதாவது கணக்கு ஒரு விடையில் வந்து நிற்கும்; மின்னழுத்தமும் சரியாக இருக்கும். ஆனால் 50 மெகாவார் தரக்கூடிய இயந்திரத்திடம் 120 கேட்டிருப்போம். வரம்பைக் கட்டாயமாக்கும் அமைப்பு தனியாக இருக்கிறது. நாம்தான் அதை இயக்க வேண்டும். இயக்கினால், வரம்பைத் தொட்ட பஸ் மின்னழுத்தத்தைப் பிடித்து நிறுத்தும் வேலையைக் கைவிடும். அப்போதுதான் உண்மையான மின்னழுத்தம் தெரியும். ஒரு ஸ்டடியில் பெயரளவு மின்னழுத்தத்தில் 0.99 மடங்கு என்று நிம்மதியாக நின்ற பஸ், இதை இயக்கியதும் 0.93-க்கு இறங்கியது. அதன்பின் ரியாக்டிவ் பவர் தரும் கெப்பாசிட்டர் பேங்க் பரிந்துரைக்காமல் அந்த அறிக்கையை முடிக்க முடியவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது தொடர்ச்சி பவர் ஃப்ளோ. சுமையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போனால் மின்னழுத்தம் மெதுவாகச் சரியும்; ஒரு முனையில் வளைவு திரும்பிவிடும். மூக்கு வளைவு என்போம். அந்த முனைக்கு அப்பால் விடையே கிடையாது. சாதாரண முறை அந்த இடத்தில் 'கன்வெர்ஜ் ஆகவில்லை' என்று கைவிரித்துவிடும். தரவுப் பிழையா, உண்மையான சரிவா என்று தெரியாது. வளைவை வரைந்து பார்த்தால் இன்னும் எத்தனை மெகாவாட் இடம் இருக்கிறது என்று தெரிந்துவிடும். பயிற்சிக்கு வரும் மாணவர்களிடம் 39 பஸ் நியூ இங்கிலாந்து மாதிரியில் ஒரு லைனை எடுத்துவிட்டு மறுபடி வரையச் சொல்வேன். மூக்கு உள்ளே சுருங்குவதைப் பார்த்ததும் அவர்கள் முகம் மாறும்.

இதனால் முடியாதது எது என்றும் சொல்ல வேண்டும். மேட்பவரில் வினாடிக்கு வினாடி மாறும் இயக்கம் என்பதே இல்லை, அதிர்வெண்ணும் இல்லை. எவ்வளவு பற்றாக்குறை வந்தாலும், மீதியை ஈடுகட்ட என்று குறித்துவைத்த ஸ்லாக் பஸ் வாங்கிக்கொள்ளும். 2020 ஏப்ரல் 5 இரவு 9 மணிக்கு நாடு முழுக்க விளக்கை அணைத்தபோது சுமார் 31,000 மெகாவாட் சுமை இறங்கியது. நீர்மின் நிலையங்களை வேகமாக இறக்கி ஏற்றிச் சமாளித்தார்கள். அந்த நிமிடங்களை இதில் பார்க்க வழியே இல்லை.

அதற்காக நான்கு ஆண்டுகளாகப் நேரத்தோடு மாறும் நிலைகளைக் கணக்கிடும், பைத்தானில் ஓடும் ஆண்டஸ் என்ற மென்பொருளையும் சேர்த்துப் பயன்படுத்துகிறேன். அதுவும் இலவசம்தான். ஆனால் ஜெனரேட்டரின் கவர்னர் (வேகக் கட்டுப்பாடு), எக்ஸைட்டர் (மின்னழுத்தக் கட்டுப்பாடு) தரவெல்லாம் கேட்கும். அவற்றைத் தேடிப் பிடிப்பதே பாதி வேலை. அவசரத்துக்குக் கைக்கணக்கு போதும். 2000 மெகாவாட் அமைப்பில் 200 மெகாவாட் திடீரென்று போனால், சுழலும் இயந்திரங்களில் சேர்ந்திருக்கும் ஆற்றலைக் குறிக்கும் இனர்ஷியா மாறிலி 4 வினாடி என்றால் அதிர்வெண் வினாடிக்குச் சுமார் 0.6 ஹெர்ட்ஸ் வேகத்தில் விழத் தொடங்கும். மாறிலி 2 என்றால் அந்த வேகம் இரட்டிப்பு. இலங்கையில் 2025 பிப்ரவரி 9 அன்று பாணந்துறை துணைமின் நிலையத்தில் ஒரு குரங்கு பட்டு நாடே இருண்டதற்கு முதலில் குரங்கைத்தான் குறை சொன்னார்கள். அன்று ஞாயிறு, தேவை குறைவு, சூரிய மின்சாரம் பெரும்பங்கு. சுழலும் இயந்திரங்கள் குறைவாக, அதாவது இனர்ஷியா குறைவாக இருந்த நேரம்.

நம் பக்கமும் அதே திசையில்தான் போகிறது. அதனால் இப்போது எந்த இணைப்பு வேலை வந்தாலும் நான்கு நிலைகளை ஓட்டாமல் விடுவதில்லை: ஆடி மாதக் காற்று முழு வீச்சில், காற்றே இல்லாத மாலை உச்சம், குறைந்த சுமை இரவு, வெயில் கொளுத்தும் ஞாயிறு நண்பகல். முதல் மூன்றும் பழையவை. கடைசியை நான் சேர்த்தது 2025 பிப்ரவரிக்குப் பிறகுதான்.