மீன் இரத்தக் கறைக்கு நொதி கலந்த சலவைத் தூள்

குளச்சல் ஏலக்கூடத்திலிருந்து தம்பி வீடு திரும்பும்போது, சாரத்தின் (லுங்கியின்) ஓரத்திலும் சட்டைக் கையிலும் சூரை மீன் இரத்தம் காய்ந்து கருத்திருக்கும். சவுக்காரம் போட்டுக் கல்லில் அடித்தாலும் மங்குமே தவிரப் போகாது. அதற்காகத்தான் நொதி கலந்த இந்தச் சலவைத் தூளை வாங்கினேன்.

பச்சைத் தண்ணீரில் கரைத்து, துணியை இரவு முழுக்க ஊறப்போட்டேன். காலையில் தண்ணீர் செம்பழுப்பாக மாறியிருந்தது. கைமடிப்பின் தையலைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே உறைந்திருந்த கட்டிகூட இல்லை, நூல் வெளுப்பாக இருந்தது.

உயிர்வேதியியல் நடத்துகிறவள் என்பதால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சலவைத் தூள்களில் சேரும் புரதம் வெட்டும் நொதிகளில் பெரும்பாலானவை பேசில்லஸ் பாக்டீரியாக்கள் தரும் சப்டிலிசின் வகை. பேசில்லஸ் அமைலோலிக்விபேசியன்ஸ் என்ற பாக்டீரியா தருவது, 275 அமினோ அமிலங்கள் (புரதத்தின் கட்டுமானத் துண்டுகள்) கோத்த ஒரு சங்கிலி. அவற்றில் 32ஆம் இடத்து அஸ்பார்டிக் அமிலம், 64ஆம் இடத்து ஹிஸ்டிடின், 221ஆம் இடத்து செரின் மூன்றும் சங்கிலியில் எங்கெங்கோ இருப்பவை. சங்கிலி மடிந்ததும் ஒரே பள்ளத்தில் அருகருகே வந்து நிற்கின்றன. ஹிஸ்டிடின் செரினிடமிருந்து புரோட்டானை வாங்கிக்கொள்ள, செரினின் ஆக்சிஜன், கறைப் புரதத்தின் அமினோ அமிலங்களை இணைக்கும் பெப்டைடு பிணைப்பைத் தாக்குகிறது. ஒரு துண்டு உடனே விலகும். மற்றது செரினோடு ஒட்டியிருந்து, நீர் மூலக்கூறு வந்த பிறகே விடுபடும். நம் கணையத்தின் கைமோட்ரிப்சினிலும் இதே மூவர் கூட்டணிதான், ஆனால் மடிப்பு முற்றிலும் வேறு. 1969இல் சப்டிலிசினின் முப்பரிமாண வடிவம் வெளியானபோது, இரண்டு நொதி வம்சங்கள் தனித்தனியாக ஒரே வழியைக் கண்டடைந்தது தெரிந்தது. எத்தனை முறை பாடம் நடத்தினாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

வாழைக்கறையும் மஞ்சள் கறையும் இதற்கு அசையவில்லை. அவை புரதம் அல்லவே.

குறை பொட்டலத்தில்தான் இருக்கிறது. பட்டும் கம்பளியும் புரத நார்கள். அவற்றை இதில் போடக் கூடாது என்று தமிழில் ஒரு வரிகூட இல்லை. கொதிநீர் கூடாது என்பதும் இல்லை. சூட்டில் இரத்தம் துணியிலேயே உறைந்துவிடும், நொதியும் குலைந்துபோகும். பிளீச்சிங் பவுடரும் சேர்க்காதீர்கள், நொதியில் அந்தச் செரினுக்கு அடுத்திருக்கும் மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தை அது கெடுத்துவிடும்.

விலை சற்றுக் கூடுதல். கடல் தொழில் நடக்கிற வீடு என்றால் தயங்காமல் வாங்கலாம். தூளைக் கொட்டும்போது மட்டும் முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்; நொதித் தூசு சிலருக்கு ஆஸ்துமாவைத் தூண்டும்.