அம்மாவின் இடுப்புக்கு மூன்று வழி: கைரோபிராக்டிக், பிசியோதெரபி, தொக்கணம்

அம்மாவுக்கு 74 வயது. காலையில் கட்டிலை விட்டு எழுந்ததும் இடுப்பு பிடித்துக்கொள்ளும். சுவரைத் தடவித் தடவி அடுக்களைக்கு வந்து சேரவே நேரமாகும். ஒன்றரை வருடத்தில் கைரோபிராக்டர், பிசியோதெரபிஸ்ட், சித்த மருத்துவர் மூன்று பேரிடமும் அழைத்துப் போய்விட்டேன். வீட்டில் வயதானவர்களை வைத்துக்கொண்டு யாரிடம் போவதென்று குழம்புகிறவர்களுக்கு இந்த அனுபவம் உதவும் என்று எழுதுகிறேன்.

மூன்றையும் நான் இரண்டு கேள்விகளால் எடைபோட்டேன். வலி குறைகிறதா? விழாமல், பிறர் கையைப் பிடிக்காமல் நடமாட முடிகிறதா? இந்த இரண்டும் ஒன்றென்று நினைத்துத்தான் முதல் ஆறு மாதத்தை வீணாக்கினேன்.

கைரோபிராக்டிக்

1895இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், டேவன்போர்ட் ஊரில் டேனியல் டேவிட் பாமர் தொடங்கிய, முதுகெலும்பைக் கையால் அசைத்துச் சரிசெய்யும் முறை இது. முதுகெலும்புக் கணு சற்று விலகி நரம்பை அழுத்துவதுதான் பெரும்பாலான நோய்களுக்குக் காரணம் என்றார் அவர். இன்றைய மருத்துவம் அதை ஏற்பதில்லை. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு எல்லாவற்றையும் முதுகைத் தட்டியே சரிசெய்கிறேன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஆனால் இடுப்பு வலி என்ற அளவில் இந்த முறைக்கு மதிப்பு உண்டு. அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் சங்கத்தின் 2017 வழிகாட்டுதலும், நாள்பட்ட இடுப்பு வலிக்காக உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலும், முதுகெலும்பைக் கையால் அசைத்துச் செய்யும் சிகிச்சையைப் பயன்படுத்தலாம் என்றே சொல்கின்றன. கிடைக்கும் பலன் மிதமானது. வீடியோக்களில் கேட்கும் அந்த 'சடக்' சத்தம் எலும்பு இடத்தில் போய் உட்காருவதால் வருவதில்லை. மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் வாயுக்குமிழ் உண்டாகும் சத்தம் அது, விரலைச் சொடுக்கினால் வருவதைப் போல.

நாங்கள் பார்த்த முதல் கைரோபிராக்டர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அம்மாவைப் படுக்க வைத்து நேராகக் கழுத்தில் கை வைத்தார். வேண்டாம் என்று சொல்லி எழுப்பிக் கூட்டிவந்துவிட்டேன். கழுத்தை வெடுக்கென்று திருப்பும்போது மூளைக்குப் போகும் ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்த சம்பவங்கள் உண்டு. அபூர்வம்தான், ஆனாலும் வயதானவர்களின் கழுத்துக்கு அந்த விளையாட்டு வேண்டாம். முடக்குவாதம் இருப்பவர்களுக்குக் கழுத்தின் மேல்கணுக்களே தளர்ந்திருக்கலாம். அவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

இரண்டாவது கைரோபிராக்டர் எலும்பு அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்து வரச் சொன்னார். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா, சமீபத்தில் விழுந்தாரா, புற்றுநோய்க்கு எப்போதாவது சிகிச்சை எடுத்தாரா என்று வரிசையாகக் கேட்டார். அவர் முறுக்கவே இல்லை. பேனா போல ஸ்பிரிங் வைத்த சிறு கருவியால் இடுப்பில் 'டக் டக்' என்று லேசாகத் தட்டினார். அன்று சாயங்காலம் அம்மா குனிந்து, தானே செருப்பு வாரை மாட்டினார். பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. நாலு நாள் அந்தச் சுகம் இருந்தது. ஐந்தாம் நாள் மறுபடி சுவர்.

அப்புறம் 24 சிட்டிங் பேக்கேஜ் போடலாம் என்றார்கள். இந்த இடத்தில் ஒன்றை யோசிக்க வேண்டும். அமெரிக்காவில் 65 வயது தாண்டியவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிகேர், முதுகெலும்பைக் கையால் சரிசெய்யும் சிகிச்சைக்குப் பணம் தருகிறது. ஆனால் முன்னேற்றம் இல்லாமல், இருப்பதை இருந்தபடி வைத்துக்கொள்ளத் தொடரும் சிட்டிங்குகளுக்குத் தருவதில்லை. இந்த முறை பிறந்த நாட்டிலேயே நிலைமை அதுதான். நான் ஆறு சிட்டிங்கோடு நிறுத்தினேன். நம் நாட்டில் பிசியோதெரபிக்கு 2021இல் வந்த தேசியச் சட்டம் இருக்கிறது. கைரோபிராக்டிக்குக்குத் தனிப்பட்ட பதிவு வாரியம் கிடையாது. அதனால் எந்த நாட்டில், எந்தக் கல்லூரியில், எத்தனை வருடம் படித்தார் என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

பிசியோதெரபி

இதில் இரண்டு வகை உண்டு, பெயர் மட்டும் ஒன்று. முதலாவது 'கரண்ட் வைக்கிற' இடம். பத்து நாள் போனோம். படுக்க வைத்து ஒயரை ஒட்டுவார்கள், அல்ட்ராசவுண்ட் தேய்ப்பார்கள், முதுகை இழுத்துப் பிடிக்கும் இழுவை போடுவார்கள், போகும்போது இடுப்பு பெல்ட் ஒன்றும் கொடுப்பார்கள். நான் மேலே சொன்ன அதே 2023 வழிகாட்டுதல், நாள்பட்ட இடுப்பு வலிக்கு டென்ஸ் எனப்படும் அந்தத் தோல் வழி கரண்ட், அல்ட்ராசவுண்ட், இழுவை, பெல்ட் நான்கையும் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. இது எனக்கு அப்போதே தெரிந்திருந்தால் அந்தப் பத்து நாள் ஆட்டோ செலவாவது மிஞ்சியிருக்கும்.

இரண்டாவது வகை எங்கள் வீட்டுக்கே வந்த ஒரு பெண். மெஷின் எதுவும் கொண்டுவரவில்லை. சாப்பாட்டு மேசை நாற்காலியை இழுத்துச் சுவரோடு சாய்த்துப் போட்டார். "கையை நெஞ்சுல கட்டிக்கங்கம்மா. எங்கயும் ஊனாம எந்திரிங்க, உக்காருங்க. முப்பது செகண்ட்ல எத்தனை தடவ வருதுன்னு பாப்போம்." அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முயன்றார். நாலு தடவை வந்தது. இந்த வயதுப் பெண்களுக்குப் பத்துக்குக் கீழே போனால் விழும் ஆபத்து அதிகம் என்று அந்தப் பெண் சொன்னார். பிடித்துப் போயிருந்தது இடுப்பு, ஆனால் பலம் போயிருந்தது தொடையில். அதுவரை யாருமே தொடையைப் பார்க்கவில்லை.

உட்கார்ந்து எழுவது, குதிகாலைத் தூக்கி நிற்பது, மேடையைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நிற்பது. தினமும் இருபது நிமிடம், அவ்வளவுதான். முதல் இரண்டு வாரம் வலி குறையவில்லை, அம்மா என்னைத் திட்டினார். மூன்று மாதத்தில் ஒன்பது தடவை வந்தது. 23,000க்கும் மேற்பட்ட முதியவர்கள் பங்கேற்ற 108 ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் வந்த காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் அமைப்பு) அலசல், உடற்பயிற்சி செய்தவர்கள் விழுவது ஏறக்குறைய 23 சதவீதம் குறைந்ததாகக் காட்டுகிறது. விழுவதைத் தடுப்பதில் இதற்கு ஈடான சான்று மற்ற இரண்டு முறைக்கும் இல்லை. என் தராசு சாய்ந்தது இங்கேதான்.

பணம் ஒரு தடையென்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், தேவைப்படுகிறவர்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கிறார்கள்.

தொக்கணம்

சித்த மருத்துவத்தில் எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடும் மசாஜ்தான் தொக்கணம். அம்மாவுக்குப் பிடித்தது இதுதான். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் என்று தொக்கணத்தில் ஒன்பது வகை சொல்கிறது சித்த மருத்துவம். உளுந்துத் தைலத்தை வெதுவெதுப்பாக்கித் தேய்த்துவிட்டால் அன்று இரவு நல்ல தூக்கம். வலியோடு வாழ்பவர்களுக்கு ஒரு இரவுத் தூக்கம் சின்ன விஷயமில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் அதே வழிகாட்டுதலும் மசாஜைப் பயன்படுத்தலாம் என்கிறது. அரசு மருத்துவமனைகளின் சித்தா பிரிவில் பதிவு பெற்ற மருத்துவர் இருப்பார், முதலில் அங்கே போங்கள். முதியவர் என்றால் முறுக்கல் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவர்களுக்கு ஒத்தடச் சூடு தெரியாது, தோல் வெந்துவிடும். அடுத்தது, எண்ணெய்க் காலோடு குளியலறைக்குப் போகவே கூடாது. அம்மா ஒருமுறை வழுக்கி, குழாயைப் பிடித்துத் தப்பித்தார்.

சிறுநீர், மலம் கட்டுப்பாடு இல்லாமல் போவது, தொடையிடுக்கு மரத்துப்போவது, விழுந்த பிறகு வந்த வலி, காரணமில்லாமல் எடை குறைவது, ராத்திரி படுத்தாலும் விடாத வலி. இதில் எது இருந்தாலும் இந்த மூன்று பேரிடமும் போகாமல் நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது தினமும் காலையில் நாற்காலிப் பயிற்சி, சனிக்கிழமை தைலம். கைரோபிராக்டரிடம் இந்த வருடம் ஒரே ஒரு தடவை போனோம், பிடிப்பு அதிகமாகி நாற்காலியிலிருந்து எழவே முடியாமல் போன வாரத்தில். மூன்றாம் நாள் அம்மா மறுபடி நெஞ்சில் கை கட்டி எண்ண ஆரம்பித்துவிட்டார்.