போதலேர் அநாதைகளின் 13 புத்தகங்கள்: எந்த வேகத்தில் வாசிக்கலாம்?

டேனியல் ஹேண்ட்லர், லெமனி ஸ்னிக்கெட் என்ற பெயரில் எழுதிய ‘எ சீரிஸ் ஆஃப் அன்ஃபார்ச்சுனேட் ஈவென்ட்ஸ்’ என்ற சிறுவர் நாவல் வரிசை 1999-இல் தொடங்கி 2006 அக்டோபர் 13, வெள்ளிக்கிழமையன்று முடிந்தது. பெற்றோரை இழந்த வயலட், கிளௌஸ், சன்னி என்ற மூன்று போதலேர் பிள்ளைகளின் கதை இது; மொத்தம் 13 புத்தகங்கள். ஒவ்வொன்றிலும் 13 அத்தியாயங்கள், கடைசியில் மட்டும் ஒன்று கூடுதல். முதல் புத்தகத்தை வைத்து இதை எடைபோட முடியாது. அதற்காக ஒரே மூச்சில் 13-ஐயும் முடிக்கப் பார்த்தாலும் திகட்டிவிடும்.

இரண்டிலிருந்து ஏழு வரை ஒரே அச்சு: புதிய காப்பாளர், பிள்ளைகளின் சொத்துக்காக மாறுவேடத்தில் துரத்தும் வில்லன் கவுண்ட் ஓலாஃப், பிள்ளைகள் சொல்வதைக் காதில் வாங்காத பெரியவர்கள். நான்காவதான ‘தி மிசரபிள் மில்’ வரும்போது அலுப்புத் தட்டும். ஆனாலும் அதைத் தாண்டிப் போகக் கூடாது. புத்தகப் பிரியன் கிளௌஸ் மனவசியத்தில் சிக்கிக்கொள்ள, கருவி செய்யும் வயலட் புத்தகத்தோடு மல்லுக்கட்டுவது அதில்தான். ஐந்தின் முடிவில் வி.எஃப்.டி. என்ற மூன்றெழுத்துப் புதிர் வந்து விழுந்ததும் கதை வேறு தடம் பிடிக்கிறது. எட்டிலிருந்து பிள்ளைகளே தேடப்படும் குற்றவாளிகள். ஆகவே முதல் நான்கையும் சில வார இடைவெளி விட்டு வாசிக்கலாம். பத்துக்குப் பிறகு இடைவெளியே வேண்டாம்; விட்டுவிட்டு வாசித்தால் பழைய துப்புகள் மறந்துபோகும்.

சாகசம் நம்பும்படி இருப்பதற்குக் காரணம், கையில் கிடைத்ததை வைத்தே வேலை நடப்பது. முதல் புத்தகத்தில் கோபுரத்தில் கூண்டில் தொங்கும் குழந்தை சன்னியை மீட்க, வயலட் துணிகளை ‘பிசாசு நாக்கு’ முடிச்சால் இணைத்துக் கயிறாக்கி, நுனியில் கொக்கி கட்டி வீசுகிறாள். முதல் வீச்சிலேயே கொக்கி மாட்டுவதில்லை என்பதுதான் அழகு. அதே புத்தகத்தில் 14 வயது வயலட்டுக்கு நாடகம் என்ற பெயரில் கல்யாணம் நடத்தப் பார்ப்பார்கள். சிறு பிள்ளைகளுக்கு வாசிப்பவர்கள் அந்தப் பகுதியை முன்கூட்டியே ஒருமுறை பார்த்துவைப்பது நல்லது.

உரக்க வாசிக்கும்போது கதைசொல்லி இடையிடையே சொற்களுக்குத் தரும் கோணங்கி விளக்கங்களை விடாதீர்கள். ஆங்கிலம் கற்கும் பிள்ளைக்கு அவை இரட்டை லாபம். குரலை ஏற்றி இறக்கி நடித்தால் நகைச்சுவை செத்துவிடும். முகத்தில் சலனமே இல்லாமல் வாசிக்க வேண்டும்.

ஒலிப்புத்தகங்களில் பெரும்பாலானவற்றை டிம் கரி வாசித்திருக்கிறார். 3, 4, 5 மட்டும் ஆசிரியரே. கேட்க அருமைதான், ஆனால் கண்ணுக்கான விளையாட்டுகள் போய்விடும். ஆறாவதில் லிஃப்ட் குழிக்குள் விழும் இடத்தில் பக்கங்கள் முழுக்கக் கறுப்பு. பிரெட் ஹெல்க்விஸ்ட் வரைந்த கடைசிப் படத்தில் அடுத்த கதைக்கான குறிப்பு ஒளிந்திருக்கும். ஆகவே முதல் சுற்று அச்சில், மறுசுற்று காதில்.

2004 திரைப்படம் முதல் மூன்று புத்தகங்களையும் கலந்து பிசைந்த ஒன்று. நெட்ஃபிளிக்ஸ் தொடர் (2017–2019, 25 பகுதிகள்) எவ்வளவோ மேல். ஆனால் அது வி.எஃப்.டி.யைத் தொடக்கத்திலேயே நுழைத்துவிடுவதால், ஐந்தாம் புத்தகத்தின் அதிர்ச்சி பாழாகும், முதலில் பார்க்காதீர்கள்.

கதையில் பலரும் தேடியலையும் சர்க்கரைக் கிண்ணத்துக்குள் என்ன இருந்தது என்று 13 புத்தகங்களிலும் தேடினாலும் பதில் கிடைக்காது. எல்லா முடிச்சும் அவிழ வேண்டும் என்பவர்களுக்குக் கடைசிப் புத்தகம் எரிச்சலூட்டும். துணைநூலான ‘தி பியாட்ரிஸ் லெட்டர்ஸ்’ கடைசிப் புத்தகத்துக்குச் சற்று முன்னரே வெளிவந்தது. வாசிப்பதோ அதற்குப் பிறகுதான் சரி.