மட்டிப் பழமா, டிராகன் பழமா?

நாகர்கோவில் வடசேரி சந்தையில் நம் குமரி மாவட்டத்து வாழையான மட்டிக் குலையின் மணம் மூக்கைத் துளைத்தாலும் நம் கண் போவது பக்கத்தில் இளஞ்சிவப்பாக அடுக்கியிருக்கிற டிராகன் பழத்தின் மேல்தான். அது தரத்தால் அல்ல. புதிதாக ஒன்றைப் பார்த்ததும் நல்லது ஏதோ கிடைக்கப்போகிறது என்று மூளையில் ஆர்வத்தைத் தூண்டும் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் பகுதி விழித்துக்கொள்கிறது. மட்டியோ சின்ன வயதிலிருந்தே தெரிந்த ருசி.

சரி, வாயில் வைத்துப் பார்ப்போம். டிராகன் பழம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த கள்ளி இனம், நார்ச்சத்து உண்டு, வெட்டினால் அழகு, ஆனால் வெள்ளைச் சதை வகையில் இனிப்பு கம்மி. மட்டி விரல் நீளம்தான், தோல் காகிதம் மாதிரி, உரிக்கும்போதே வாசம் தூக்கும். நம் ஊரில் கைக்குழந்தைக்கு மசித்துக் கொடுப்பதும் இதைத்தான், 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பழுத்தால் ரொம்ப நாள் தாங்காது, அது ஒரு குறை.

அப்புறம், திரும்பத் திரும்பப் பார்க்கிற பொருள்மேல் பிடிப்பு கூடும் என்று 1968இல் ராபர்ட் சயான்ஸ் என்ற உளவியலாளர் காட்டினார். அதனால் புதுசுதான் எப்போதும் ஜெயிக்கும் என்றில்லை. என் ஓட்டு மட்டிக்குத்தான். ஆசைக்கு ஒரு டிராகன் பழம் வாங்குங்கள், ஆனால் மட்டிச் சீப்பை விட்டுவிட்டு வராதீர்கள்.